வடலூரில் யாருக்கு இதயப் பரிசோதனை?

நெய்வேலிச் சுரங்கத்தில் ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால் சட்டப்படி அவருக்கு மருத்துவப் பரிசோதனை நடந்தாக வேண்டும். 1955-ஆம் ஆண்டின் சுரங்க விதிகள் அதோடு விட்டுவிடுவதில்லை. வேலையில் இருக்கும் காலம் முழுக்க ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது மறுபடி சோதிக்கச் சொல்கின்றன. பணி ஓய்வு பெறும்போது அந்தத் தொழிலாளியின் பெயரில் ஒரு மருத்துவக் கோப்பே சேர்ந்திருக்கும். அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, வடலூர் நான்குமுனைச் சந்திப்பில் பூ கட்டி விற்கிற பெண்ணுக்கோ, பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்துப் பிழைக்கிற குடும்பத்துக்கோ, லாரியில் நெல்மூட்டை ஏற்றுகிறவருக்கோ அப்படி ஒரு கோப்பு கிடையாது. அவர்களுடைய இதயத்தை ஒரு கருவி முதன்முதலாகச் சோதிப்பது பெரும்பாலும் நெஞ்சுவலி வந்து படுத்த அன்றைக்குத்தான்.

பணம் இல்லாததால்தான் இப்படி என்று ஒதுக்கிவிட முடியாது. ஊசி குத்தாமல், கத்தி வைக்காமல் இதயத்தையும் ரத்தக்குழாயையும் சோதிக்கும் வழிகளில் மிகப் பயனுள்ளவை எல்லாமே விலை குறைந்தவை. ரத்த அழுத்தம் பார்க்கும் கஃப், ஈசிஜி, கையடக்க டாப்ளர், எக்கோ ஆகிய நான்கும் ஒழுங்காக இயங்கினால், ஒரு வட்டாரத்தின் இதய நோயில் பெரும்பகுதியை முன்கூட்டியே பிடித்துவிடலாம். நமக்குச் சறுக்குவது அவற்றை யாருக்கு, எப்போது, எந்த வரிசையில் செய்வது என்ற இடத்தில்.

இரவு பதினொரு மணிக்கு நெஞ்சை அடைக்கிறது என்று ஒருவர் எழுந்து உட்கார்ந்தால் நம் வீடுகளில் முதலில் வருவது சோடா. அடுத்தது ஓமவாட்டர். "வாயுப் பிடிப்புதான், காலைல சரியாயிடும்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அந்தச் சில மணி நேரத்தில் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். செத்த தசை திரும்ப முளைப்பதில்லை. நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு, மருத்துவப் பணியாளரின் பார்வையில் பட்ட பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று உலகமெங்கும் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. கை கால்களில் நான்கு, மார்பில் ஆறு என்று பத்து ஒயர்களைப் பொருத்தி, பன்னிரண்டு கோணங்களில் இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவு செய்கிற வேலை அது. தாள் விநாடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடும். எந்தக் கோணங்களில் கோடு மேலே தூக்கி நிற்கிறது என்பதை வைத்தே எந்தக் குழாய் அடைத்திருக்கிறது என்று பழகிய கண் ஊகித்துவிடும்.

ஆனால் முதல் ஈசிஜி சரியாக இருந்தால் ஆபத்து விலகிவிட்டது என்று பொருளல்ல. மாரடைப்பு தொடங்கியிருந்தும் முதல் பதிவில் எதுவும் தெரியாமல் போவது மருத்துவர்கள் அன்றாடம் பார்க்கிற சங்கதி. வலி நிற்காவிட்டால் கால் மணி, அரை மணி இடைவெளியில் மறுபடி எடுக்க வேண்டும்; ரத்தத்தில் ட்ரோபோனின் என்ற புரதத்தின் அளவைப் பார்க்க வேண்டும். 'ஈசிஜி நார்மல்' என்ற இரண்டு சொற்களை நம்பி வீட்டுக்குத் திரும்பி, விடிவதற்குள் போய்ச் சேர்ந்தவர்களின் கதை எல்லா ஊரிலும் இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளும் பெண்களும் இதில் கூடுதலாக ஏமாறுகிறார்கள். அவர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சு வாங்கலாம், தாடை கடுக்கலாம், மேல்வயிறு எரியலாம், காரணமில்லாமல் உடம்பு அசந்துபோகலாம். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊர் மக்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, மாரடைப்புகளில் நான்கில் ஒன்றுக்கும் மேல், வந்தது தெரியாமலே போய், பின்னால் வழக்கமான ஈசிஜியில்தான் வெளிப்பட்டது.

இந்தக் கருவியின் பிறப்பிலேயே நமக்கு வேண்டிய பாடம் இருக்கிறது. நெதர்லாந்தின் லெய்டன் நகரில் வில்லெம் ஐந்தோவன் உருவாக்கிய முதல் இயந்திரம் சுமார் 270 கிலோ எடை. இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர்த் தொட்டிகளில் விட்டு உட்கார வேண்டும். அவ்வளவு பெரிய சாதனத்தை மருத்துவமனைக்குத் தூக்கிப் போக முடியாததால், 1905-ல் மருத்துவமனையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் தூரத்திலிருந்த தன் ஆய்வகத்துக்குத் தொலைபேசிக் கம்பி வழியாகவே நோயாளியின் இதய மின்னோட்டத்தை வரவழைத்தார். 1924-ல் நோபல் பரிசு வந்தது. நோயாளி ஓரிடத்திலும் படிக்கிறவர் வேறிடத்திலும் இருக்கலாம் என்பது, ஆக, ஈசிஜியோடு கூடவே பிறந்த எண்ணம்.

நூறாண்டு கழித்து அதை முறையாகச் செய்து காட்டியது தமிழ்நாடு. கோவையைச் சேர்ந்த இதய மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையைச் சேர்ந்த அஜித் முல்லசாரி உள்ளிட்டோர் 2012 முதல் 2014 வரை நடத்திய ஆய்வில், ஆஞ்சியோ செய்யும் கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனை நடுவில், சிறிய மருத்துவமனைகள் அதைச் சுற்றி என்று ஒரு வலை பின்னினார்கள். சிறிய இடத்தில் எடுத்த ஈசிஜி உடனே மையத்துக்குப் போகும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை அங்கேயே கொடுப்பதா, ஆஞ்சியோவுக்கு ஏற்றி அனுப்புவதா என்பது அதைப் பார்த்து முடிவாகும். 108 ஆம்புலன்சும் அரசுக் காப்பீடும் இந்த வலையோடு இணைக்கப்பட்டன. 2017-ல் வெளியான முடிவுகளின்படி, ஆய்வில் சேர்ந்த 2,420 நோயாளிகளில், ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் திட்டத்துக்கு முன் 17.6 சதவீதம், பின் 14.2 சதவீதம். அந்த வித்தியாசத்துக்குப் புது மருந்து எதுவும் காரணமில்லை. ஈசிஜியை நேரத்தோடு ஒருவர் படித்தார், படித்ததற்கேற்ப வண்டி நகர்ந்தது.

தமிழக அரசு 2023 ஜூன் 27-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டமும் இதே வழியில்தான் யோசிக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் துணை சுகாதார நிலையத்துக்கும் மாரடைப்பு அறிகுறியோடு வருகிறவருக்கு ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரல் நான்கு, அட்டோர்வாஸ்டாட்டின் எட்டு என்று பதினான்கு மாத்திரைகளை உடனே கொடுத்து, மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். நல்ல திட்டம். வடலூர்க்காரர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பதே கேள்வி. இந்த ஊரில் நள்ளிரவு நெஞ்சுவலிக்கு ஒரு பக்கம் நெய்வேலி என்எல்சி மருத்துவமனை, இன்னொரு பக்கம் சுமார் 35 கி.மீ. தூரத்தில் கடலூர் தலைமை மருத்துவமனை, வேறொரு திசையில் சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி, கடலூரையும் தாண்டினால் புதுச்சேரி ஜிப்மர். வாடகைக் கார் வந்து நின்ற பிறகு, எங்கே போவது என்று வாசலில் நின்று குடும்பமே விவாதிக்கும். அந்த முடிவை எடுக்க வேண்டியது பக்கத்திலேயே எடுத்த ஈசிஜி. இரண்டு மணி நேரத்துக்குள் கேத் லேப் மேசைக்குப் போய்ச் சேர முடியாது என்றால், கட்டியைக் கரைக்கும் ஊசியை முதலில் கிடைக்கிற தகுந்த மருத்துவமனையில் போட்டுவிட்டுக் கிளம்புவதுதான் முறை.

ரத்த அழுத்தத்துக்கு வருவோம். 2020-ல் தமிழ்நாட்டில் 18 முதல் 69 வயது வரையிலானவர்களிடம் நடந்த ஸ்டெப்ஸ் ஆய்வில், மூன்றில் ஒருவருக்கு, சரியாகச் சொன்னால் 33.9 சதவீதம் பேருக்கு, உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அது கட்டுக்குள் இருந்தது வெறும் 7.3 சதவீதத்தினருக்கு. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்தப் புள்ளிவிவரத்துக்குத் தந்த நேரடிப் பதில். வீடு தேடிப் போய் அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையும் கொடுக்கிற திட்டம் அது, 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருதும் பெற்றது.

ஆனாலும் அழுத்தம் பார்க்கிற முறையில் அக்கறை வேண்டும். வெயிலில் நடந்து வந்தவரை உட்காரக்கூட விடாமல் கஃப்பைச் சுற்றினால் வருகிற எண் அவருடையதல்ல. ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும், கால் மேல் கால் போடக் கூடாது, கை மேசை மேல் இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும், அளக்கும்போது பேசக் கூடாது. அரை மணி முன்பு காபி, டீ, பீடி எதுவும் கூடாது. பருத்த கைக்குச் சின்ன கஃப் கட்டினால் அழுத்தம் பொய்யாக ஏறும். சட்டைக் கைக்கு மேலேயே கட்டினாலும் கணக்குத் தப்பும். இரண்டு தடவை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். இத்தனைக்கும் ஆகிற செலவு ஒரு நாற்காலியும் கொஞ்சம் பொறுமையும். பல கிளினிக்குகளில் இந்தப் பொறுமை கிடைப்பதில்லை என்பது வருத்தமான விஷயம், ஏனென்றால் அந்த ஒரு எண்ணை நம்பித்தான் ஒருவர் வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிடப் போகிறார்.

மருத்துவமனைக்கு வராதவர்களை எங்கே பிடிப்பது? லாஸ் ஏஞ்சலஸில் ரொனால்ட் விக்டர் என்ற மருத்துவர் கறுப்பின ஆண்கள் முடிவெட்டப் போகும் சலூன்களுக்குப் போனார். 52 சலூன்கள், 319 பேர். அங்கேயே அழுத்தம் பார்த்து, மருந்தாளுநர் வந்து மாத்திரையும் தந்தார். ஆறு மாதத்தில் அவர்களின் மேல் அழுத்தம் சராசரியாக 27 புள்ளிகள் இறங்கியது. வெறும் அறிவுரை மட்டும் பெற்ற சலூன்களில் 9 புள்ளிகள்தான். 2018-ல் வெளியான ஆய்வு இது. வடலூரில் சலூனைத் தேடக்கூட வேண்டாம். 1867-ல் வள்ளலார் தொடங்கிய தருமசாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. வீடற்ற முதியவர்கள், வெளியூர்ப் பயணிகள், கூலி கிடைக்காத நாளில் பசியாற வருகிறவர்கள் என்று எந்தத் திட்டத்தின் பட்டியலிலும் எளிதில் சிக்காதவர்கள் அங்கே தானாக வந்து உட்காருகிறார்கள். சாப்பாட்டுக்கு முன் காத்திருக்கும் நேரம் அழுத்தம் பார்ப்பதற்கென்றே அமைந்த நேரம். தைப்பூசத்தில் சத்திய ஞானசபையின் ஏழு திரை விலகுவதைக் காணக் கூடும் லட்சக்கணக்கானவர்களுக்கு ஒருநாள் முகாம் போதும். தருமசாலைக்கு வருகிறவர்களுக்கு நாள்தோறும் ஒருவர் வேண்டும். இதை மாவட்ட சுகாதாரத் துறையும் அறநிலையத் துறையும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரே கூட்டத்தில் முடிவு செய்துவிடலாம்.

அடுத்தது, யாரும் அதிகம் பேசாத ஒரு சோதனை. "கொஞ்ச தூரம் நடந்தா கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது, நின்னா விட்டுடுது" என்று வயதானவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். வயசுக் கோளாறு என்று தைலம் தடவி விடுவோம். அது காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். கண்டுபிடிக்க ஸ்கேன் எதுவும் வேண்டாம். நோயாளியைப் படுக்க வைத்துப் பத்து நிமிடம் ஓய்வு கொடுத்துவிட்டு, மேற்கையில் கஃப் கட்டி அழுத்தம் பார்க்கிறார்கள். பிறகு அதே கஃப்பைக் கணுக்காலுக்கு மேல் சுற்றி, பாதத்தின் மேல்புறத்திலும் உள் கணுக்காலுக்குப் பின்புறத்திலும் கொஞ்சம் ஜெல் தடவி, பேனா அளவிலான டாப்ளரை வைத்தால், ரத்தம் ஓடுகிற 'உஷ்... உஷ்...' ஓசை ஒலிபெருக்கியில் கேட்கும். கஃப்பில் காற்றேற்ற ஓசை நிற்கும்; மெல்ல இறக்க எந்த அழுத்தத்தில் திரும்ப வருகிறதோ அது கணுக்காலின் அழுத்தம். அதைக் கையின் அழுத்தத்தால் வகுத்தால் ஒன்றை ஒட்டி வர வேண்டும். 0.9-க்குக் கீழே போனால் அடைப்பு. 1.4-க்கு மேலே போனால் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்திருக்கிறது. நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகளுக்கு இது சகஜம், அவர்களுக்குக் கால் கட்டைவிரலில் அளந்து பார்க்க வேண்டும்.

காலைச் சோதிப்பதற்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். காலில் அடைத்த குழாயும் இதயத்தின் குழாயும் ஒரே வியாதிக்கு இரையாகின்றன. 2008-ல் பல நாடுகளின் 16 ஆய்வுகளைச் சேர்த்து, 48,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை அலசியபோது, இந்த விகிதம் 0.9-க்குக் கீழ் இருந்தவர்கள் இதய நோயால் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. சென்னையில் மருத்துவர் வி. மோகன் குழுவினர் நடத்திய நகர்ப்புற மக்கள் ஆய்வில் இந்தச் சோதனையைச் செய்தார்கள். மொத்தத்தில் 3.2 சதவீதம் பேருக்குக் கால் குழாய் அடைப்பு. சர்க்கரை நோயாளிகளில் 6.3 சதவீதம். அதே ஆய்வு 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதயத் தமனி நோய் இருப்பதையும் காட்டியது. வீடு தேடிப் போகிற சுகாதாரப் பணியாளரின் பையில் சர்க்கரை பார்க்கும் கருவி இருக்கும்போது, வட்டாரத்துக்கு ஒரு டாப்ளரையாவது ஏன் சேர்க்கக் கூடாது? காலில் ஆறாத புண்ணோடு வந்து, முழங்காலுக்குக் கீழே இழந்து திரும்புகிற சர்க்கரை நோயாளிகளில் பலரை ஆண்டுக்கொருமுறை இப்படிப் பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம்.

எக்கோ நெய்வேலிக்கு அந்நியமானதல்ல. அனல்மின் நிலையத்தில் கொதிகலன் குழாயின் சுவர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வெட்டிப் பார்க்காமல் அளக்கும் ஒலியலைக் கருவிக்கு எக்கோ நெருங்கிய உறவு. 1953-ல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்ற மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும், உலோகத்தில் விரிசல் தேடுவதற்காக ஒரு கப்பல் கட்டும் தளத்தில் இருந்த கருவியை வாங்கி வந்து நெஞ்சில் வைத்துப் பார்த்தார்கள். இதயச் சுவர் அசைவது திரையில் தெரிந்தது. வால்வு சுருங்கியிருக்கிறதா, கசிகிறதா, எந்தச் சுவர் சோர்ந்து கிடக்கிறது என்பதெல்லாம் இன்று இருபது நிமிடத்தில் தெரிகிறது, கதிர்வீச்சு துளியும் இல்லாமல். குழந்தைப் பருவத்து மூட்டுக் காய்ச்சலில் வால்வு கெட்டது தெரியாமலே வளர்ந்து, கர்ப்பமான பிறகு மூச்சு முட்டி வருகிற பெண்களுக்கு இதைவிடச் சிறந்த சோதனை வேறில்லை.

எக்கோ அறிக்கையில் வரும் 'பம்பிங்' எண் வீணான பயத்தையும் கிளப்புகிறது. "பம்பிங் அறுபதுதானாம்" என்று கலங்கிப்போய் வெளியே வருகிறவர்களைப் பார்க்கலாம். பரீட்சை மார்க்கைப் போல நூற்றுக்கு அறுபது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறையில் உள்ள ரத்தத்தில் எவ்வளவு பங்கு வெளியேறுகிறது என்பதே அந்தச் சதவீதம். ஆரோக்கியமான இதயத்துக்கே 55 முதல் 70 வரைதான். நாற்பதுக்குக் கீழே வந்தால் கட்டாயம் கவலைப்பட வேண்டும். சோதித்தவர் இதை ஒரு வரியில் சொல்லி அனுப்பினால் எத்தனையோ வீடுகளில் அன்றிரவு தூக்கம் வரும்.

டிரெட்மில்லைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1963-ல் ராபர்ட் புரூஸ் வகுத்த முறைப்படி மூன்று நிமிடத்துக்கொருமுறை வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டி நடக்கவிட்டு ஈசிஜி பார்க்கிறார்கள். அடைப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரை இது தவறவிடும். பெண்களிடம் இல்லாத அடைப்பை இருப்பதாகவும் அடிக்கடி காட்டும். பாதி வழிகூட அடைக்காத கொழுப்புப் படிவு திடீரென்று வெடித்து மாரடைப்பை உண்டாக்கலாம். அதை டிரெட்மில் அறியாது. சிடி ஆஞ்சியோகிராம் அந்தப் படிவையே படமெடுக்கிறது, நரம்பில் சாயம் ஏற்றினாலும் இதயத்துக்குள் குழாய் விடுவதில்லை. ஸ்காட்லாந்தில் நெஞ்சுவலியோடு வந்த 4,146 பேரிடம் நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. ஐந்தாண்டுகளில் இதய நோயால் இறந்தவர்களும் மாரடைப்பு வந்தவர்களும் சிடி எடுத்தவர்களில் 2.3 சதவீதம், எடுக்காதவர்களில் 3.9 சதவீதம். படத்தைப் பார்த்ததும் நோயாளிகளுக்கு ஸ்டாட்டினும் ஆஸ்பிரினும் சரியாகத் தொடங்கப்பட்டதே முக்கியக் காரணம்.

இதைக் காட்டி வலியில்லாதவரையும் சிடி இயந்திரத்துக்குள் அனுப்பும் வியாபாரமும் நடக்கிறது. எந்த அறிகுறியும் ஆபத்துக் காரணியும் இல்லாதவருக்கு இதயநோய் தேடி ஈசிஜிகூட எடுக்க வேண்டாம் என்று அமெரிக்காவின் நோய்த்தடுப்புக் குழு 2018-ல் பரிந்துரைத்தது. நம் ஊர்களில் 'பேக்கேஜ்' போட்டு, முப்பது வயதுக்காரருக்கு டிரெட்மில், எக்கோ எல்லாம் செய்கிறார்கள். ஏதோ ஒரு கோடு சற்றே வளைந்திருக்க, "எதுக்கும் ஒரு ஆஞ்சியோ பார்த்துடலாம்" என்று பேச்சு வளர்கிறது. நிலையான நெஞ்சுவலி உள்ளவர்களுக்கே, மருந்தோடு தொடங்கினாலும் உடனடி ஆஞ்சியோ, ஸ்டென்ட் என்று போனாலும் இறப்பு விகிதத்தில் வித்தியாசமில்லை என்று 5,179 பேரிடம் நடந்த 'இஸ்கீமியா' ஆய்வு 2020-ல் காட்டியது. அதில் இந்திய நோயாளிகளும் கணிசமாக இருந்தார்கள். மாரடைப்பே வந்துவிட்டவர் கதை வேறு. அவருக்கு ஒவ்வொரு நிமிடமும் உயிர்.

தேவையில்லாதவருக்கு அதிகமும் தேவையுள்ளவருக்கு ஒன்றுமில்லாமலும் போகும் இந்தக் கோணலை அரசு முகாம்கள் ஓரளவு நேராக்கலாம். 2025 ஆகஸ்ட் 2-ல் தொடங்கிய 'நலம் காக்கும் ஸ்டாலின்' முகாம்களில் ஈசிஜியும் எக்கோவும் அங்கேயே எடுக்கிறார்கள். வரவேற்கத்தக்கது. முகாம் முடிந்த மறுநாள் அந்த அறிக்கைகள் எங்கே போகின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். குறிஞ்சிப்பாடி வட்டார மருத்துவமனையின் கணினியில் அவை ஏறி, நெஞ்சுவலியோடு அதே நபர் இரவில் வரும்போது பணி மருத்துவர் திறந்து பார்க்கும்படி இருக்க வேண்டும்.

காரணம் இருக்கிறது. ஈசிஜியில் தெரிகிற மாற்றம் புதியதா, பல ஆண்டுகளாக இருப்பதா என்று பழைய தாளோடு ஒப்பிட்டால் ஒரு நொடியில் விளங்கிவிடும். இடப்பக்க மின்பாதைத் தடை போன்றவற்றில் பழைய தாள் இல்லாவிட்டால் அனுபவசாலிகளும் தடுமாறுவார்கள். நம் வீடுகளில் அந்தத் தாள் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில், நான்காக மடித்துக் கிடக்கும். வெப்பத்தால் எழுத்துப் பதிகிற தாள் என்பதால் நெய்வேலிக் கோடையில் இரண்டொரு வருடத்தில் கோடுகள் மங்கி வெளுத்துவிடும். எடுத்த அன்றே செல்போனில் ஒரு படம் எடுத்து, தேதியோடு வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வைக்கலாம்; ஒரு ஜெராக்ஸ் போட்டு வைக்கலாம். 108-ல் ஏறும்போது மாத்திரைச் சீட்டோடு அதையும் எடுத்துப் போங்கள்; பணியிலிருக்கும் மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.